எண்ணிவிட்டு விடு

12 பிப்ரவரி 2018

வெசெலா,

'அன்புள்ள' என்று போட மனம் வரவில்லை. இதை நாத்தனாருக்கு எழுதும் கடிதமாக எடுத்துக்கொள்ளாதே. போன் கம்பெனிக்காரிக்கு எழுதுகிறேன்.

போன ஆகஸ்டில் உன் அண்ணனை விட்டு வெளியே வந்தேன். ப்ளோவ்டிவிலிருந்து நேராக விதினுக்குப் போனேன். பல் கட்டத் தெரிந்தவளுக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. இந்த நாட்டில் நல்ல பல் உள்ளவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். குளிர் தொடங்கும்போது ஒரு நாள் காலை வேலைக்குப் போனால், வாசலில் ஒரு பாட்டில். வெள்ளைச் செர்ரிப் பாகு. மூடியில் நீலத் துணி, உன் அம்மா போடும் அதே இரட்டை முடிச்சு. சீட்டு எதுவும் இல்லை. எதற்குச் சீட்டு? 'வந்துவிட்டேன்' என்று சொல்ல அந்தப் பாட்டில் போதாதா?

ரூசேவுக்கு ஓடினேன். அங்கேயும் பாட்டில் வந்தது. இந்த முறை எதிர்ச் சாரியில் அவனே நின்று, சிரித்து, கையும் அசைத்தான். ஸ்டாமெனின் சிரிப்பை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போலீசுக்குப் போனேன். அங்கே இருந்தவர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "புருஷன் ஜாம் குடுக்கறது எந்தச் சட்டத்துல குத்தம்னு நீங்களே சொல்லுங்க" என்றார். திறந்து பார்க்கலாமா என்றும் கேட்டார்.

இப்போது மூன்றாவது ஊரில் இருக்கிறேன். எந்த ஊருக்குப் போகிறேன் என்று என் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. ஊர் தெரிந்துவிட்டால் மீதி அவனுக்குச் சுலபம். பல் கட்டும் இடம் ஊருக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்த ஊர் எப்படித் தெரிகிறது? நான் ஓடும்போதெல்லாம் என்னோடு வருவது என் போன் மட்டும்தான். உங்கள் குடும்பத்தில் போன் கம்பெனியில் வேலை பார்ப்பவள் யார் என்று உனக்கே தெரியும்.

எண்ணை மாற்று என்று எல்லோரும் புத்தி சொல்கிறார்கள். விவாகரத்து வழக்கில் அந்த எண்தான் இருக்கிறது. நீதிமன்றத்திலிருந்து அதில்தான் கூப்பிடுவார்கள். அதைவிட முக்கியமான காரணம், அது என் எண். முதல் சம்பளத்தில் வாங்கியது. நான் ஏன் மாற்ற வேண்டும்? மாற வேண்டியவன் அவன்.

போனில் பேசப் பயமாக இருப்பதால் தாளில் எழுதுகிறேன். பதில் எழுதும் தைரியம் இருந்தால் காப்ரோவோ தலைமைத் தபால் நிலையத்துக்கு என் பெயரில் போடு, நான் போய் வாங்கிக்கொள்வேன். அந்த ஊரில் நான் இல்லை. அவனை வீணாக அங்கே அனுப்பி டீசலைச் செலவழிக்க வைக்காதே.

பிலியானா


19 பிப்ரவரி 2018

அண்ணி,

உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தேன். உட்காரத் தோன்றவில்லை.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நம் வீட்டில் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை, நீங்கள் உட்பட. 'போன் கம்பெனியில் என்னவோ' என்பதோடு முடிந்துவிடும். இப்போது திருட்டுப் பட்டம் கொடுத்துவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

நாம் பேசுவதற்கு முன்பே கம்பெனிகளின் இயந்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. இந்த எண் யாருடையது, இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது, அழைப்பை எங்கே அனுப்புவது என்று கேள்வியும் பதிலுமாக ஓடிக்கொண்டே இருக்கும். வெளிநாட்டுக் கம்பெனிகளின் கேள்விகள் எல்லாம் ஒரே வாசல் வழியாகத்தான் எங்களிடம் வர வேண்டும். அதை எல்லைக் கேட்வே என்போம். யார் என்ன கேட்கலாம், யாரைத் தடுக்க வேண்டும் என்று அங்கே வரி வரியாக விதி எழுதி வைத்திருக்கிறோம். அந்த விதிகளை எழுதுவது யார் தெரியுமா? நான். காவல் நிற்பவளைப் பார்த்து நீதான் திருடி என்கிறீர்கள்.

அண்ணன் முரடன் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் டிராக்டர் உதிரிபாகம் விற்பவன். வாடிக்கையாளர் பேரையே மறந்துவிடுபவன். ஒரு நாட்டின் போன் வலையை உடைத்து உள்ளே போகிற அளவுக்கு அவனுக்கு எங்கிருந்து மூளை வந்தது? யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார்கள். நம் நாட்டில் ரகசியம் காப்பவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

தேடுவதும் ஒரு வகைப் பாசம்தான் என்று அம்மா சொல்கிறாள். நான் சொல்லவில்லை, அம்மா சொல்கிறாள்.

உங்கள் எண்ணைப் பற்றி வெளியிலிருந்து யாராவது கேட்டிருக்கிறார்களா என்று நாளைக்கே தேடிப் பார்க்கப் போகிறேன். ஒன்றும் இருக்காது. அதற்கப்புறம் நீங்கள் மன்னிப்புக் கேட்டு எழுதுவீர்கள், நானும் பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொள்வேன்.

வெசெலா


27 பிப்ரவரி 2018

அண்ணி,

மன்னிப்புக் கேட்க வேண்டியது நீங்கள் இல்லை.

தேடினேன். ஒரு தீவு நாட்டுக் கம்பெனியின் முகவரியிலிருந்து உங்கள் எண்ணைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. அழைப்பு அனுப்ப இல்லை, குறுஞ்செய்தி அனுப்பவும் இல்லை. இந்த எண் எங்கே இருக்கிறது என்ற ஒரே கேள்வி. எங்கள் வலை ஒவ்வொரு தடவையும் பணிவாகப் பதில் சொல்லியிருக்கிறது.

விசாரித்ததில் புரிந்தது. ஆள் கண்டுபிடித்துத் தரும் கடைகள் இணையத்தில் இருக்கின்றன. எண்ணையும் காசையும் கொடுத்தால் ஊரைக் கொடுப்பார்கள். அப்படி ஒரு கடை அந்தத் தீவுக் கம்பெனியின் முகவரியை வாடகைக்கு எடுத்து, அந்தப் பெயரில் எங்கள் வாசலில் வந்து கேட்கிறது. அண்ணனுக்கு மூளை தேவைப்படவில்லை. பணப்பை போதுமாக இருந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்ல வாய் கூசுகிறது. இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை எங்கள் சொந்த இயந்திரங்களுக்கு மட்டும்தான். வெளியாள் கேட்டால் தடுக்க ஒரு விதி இருக்கிறது. அதை எழுதியதே நான்தான். எந்த விதிக்கும் மூன்று கட்டளைகளில் ஒன்றைக் கொடுக்கலாம். விடு. தடு. மூன்றாவது, வெள்ளோட்டத்துக்கானது: எண்ணிவிட்டு விடு. புது விதி தவறான ஆளைப் பிடித்துவிடக் கூடாதே என்று கொஞ்ச நாள் அப்படி வைப்போம். வந்ததை எண்ணிக்கொள்ளும், ஆனால் தடுக்காது. "இருக்கட்டும் வெசெலா, ஒரு மாசம் பாப்போம்" என்றார் எங்கள் தலைவர் லாசரோவ். அந்த ஒரு மாதம் முடியவே இல்லை, இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் என் விதி ஒழுங்காக எண்ணி, ஒழுங்காக உள்ளே விட்டிருக்கிறது.

லாசரோவிடம் போனேன்.

"யாரும் புகார் குடுக்கலையேம்மா" என்றார்.

"தெரிஞ்சாத்தானே சார் குடுப்பாங்க."

"அந்தத் தீவுக்காரன் நமக்கு எவ்வளவு போக்குவரத்து தர்றான்னு தெரியுமா? அவன்கிட்டப் போய் மூஞ்சியத் திருப்பச் சொல்றியா?"

திருப்பிவிட்டேன். அவரைக் கேட்காமலே விதியை 'தடு' என்று மாற்றிவிட்டேன். இனி அண்ணன் எத்தனை காசு கொட்டினாலும் நீங்கள் இருக்கும் ஊர் வராது.

பதில்களைத் திறந்திருந்தால் நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்கே தெரிந்திருக்கும். திறக்கவில்லை. கேள்விகளை மட்டும்தான் பார்த்தேன். இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

மார்ச் முதல் தேதிக்கு இந்த உறைக்குள் மார்த்தெனித்ஸா வைத்திருக்கிறேன். சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் நானே முறுக்கினேன், அதுதான் கோணலாக இருக்கிறது. கையில் கட்டிக்கொள்ளுங்கள், மரம் பூத்ததும் கிளைக்கு மாற்றிவிடலாம்.

வெசெலா


14 மார்ச் 2018

வெசெலா,

உன் நூலைத் திருப்பி அனுப்புகிறேன். கையில் கட்டிய நூலை மரம் பூப்பதற்கு முன் அவிழ்த்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். பரவாயில்லை. இதற்கு மேல் என்ன ஆகப் போகிறது?

உன் கடிதத்தை நம்பினேன். ஜன்னல் திரையைத் திறந்து வைத்தேன். கடைவீதிக்குப் போய், பயமில்லாமல் நின்று, மாவுப் பணியாரம் வாங்கித் தின்றேன். முந்தாநாள் வாசலில் பாட்டில். நேற்று அவனே வந்தான். டாக்டரின் நாற்காலியில் நோயாளிபோல ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டினான். "கடைவாய்ல வலி டாக்டர். என் வீட்டுக்காரி இங்கதானே வேலை பாக்குறா, அவளே பாக்கட்டும்." டாக்டர் சிரித்தார். அவன் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "நல்ல மனுஷனாத்தானே இருக்கான், எதுக்கு ஓடறே? உங்க குடும்பத் தகராறு என் கிளினிக்குள்ள வேணாம்" என்று கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். இன்று பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ பொய் சொன்னாயா, இல்லை உன் வேலை உனக்கே தெரியாதா? இரண்டில் எது என்று கேட்கக்கூட எனக்கு அக்கறையில்லை.

ஆனால் ஒன்று சொல்லாமல் விட முடியாது. போன ஈஸ்டருக்கு முந்தின ஈஸ்டர். உங்கள் வீட்டு மேசை. நடுவில் முழுசாகச் சுட்ட ஆட்டுக்குட்டி. உன் அண்ணன் என் பையிலிருந்து போனை எடுத்து, எனக்கு வந்திருந்த செய்திகளை ஒவ்வொன்றாக எல்லோருக்கும் வாசித்துக் காட்டினான், குரலை மாற்றி மாற்றி. உன் அப்பாவின் தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். நீ கறி நறுக்கிக்கொண்டிருந்தாய். என் முகத்தைப் பார்த்தாய். நன்றாகவே பார்த்தாய். பார்த்துவிட்டு, "சாலட் இன்னும் யாருக்கு வேணும்?" என்றாய்.

உன் கேட்வேயில் மூன்றாவதாக ஒன்று உண்டு என்று எழுதினாயே. எண்ணிவிட்டு விடு. அதை நீ ஆபீசில் கற்றுக்கொள்ளவில்லை, வெசெலா.

பிலியானா


2 ஏப்ரல் 2018

அண்ணி,

திட்டியது சரி. ஈஸ்டரும் சரி. மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை, மழுப்பவும் போவதில்லை. எனக்கு இப்போது கோபம்தான் இருக்கிறது. அது முதல் தடவையாகச் சரியான ஆட்கள்மீது இருக்கிறது.

என்ன நடந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். கேட்வே விதிகளை மேலிருந்து கீழே படிக்கும். எந்த வரி முதலில் பொருந்துகிறதோ அதோடு முடிந்தது, கீழே இருப்பதைப் படிக்காது. எல்லாவற்றுக்கும் மேலே அண்மையில்தான் யாரோ ஒரு வரி போட்டிருக்கிறார்கள்: நம்பகமான கூட்டாளிகள், என்ன கேட்டாலும் விடு. அந்தக் கூட்டாளிகளில் தீவுக் கம்பெனியும் ஒன்று. முன்வாசல் விரியத் திறந்திருக்க, நான் கொல்லைக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு உங்களுக்கு வீரக் கடிதம் எழுதியிருக்கிறேன். விதி சரி, இடம் தப்பு. நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கூட முதலில் பார்ப்பது அந்த வரிசையைத்தான். எனக்கு என் விதிமேல் அவ்வளவு கர்வம், பார்க்கவே இல்லை. அந்தத் தப்புக்கு நீங்கள் வேலையை இழந்திருக்கிறீர்கள்.

இப்போது என் விதிதான் முதல் வரி. கூட்டாளியோ குலதெய்வமோ, யார் வந்தாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்த முறை வெறும் நம்பிக்கையில் எழுதவில்லை. வேறு கம்பெனியில் இருக்கும் ஒரு தோழியிடம் சொல்லி, வெளியிலிருந்து என் சொந்த எண்ணையே கேட்கச் சொன்னேன். "உன் வாசல்ல நாய்கூடக் குரைக்கலடி, பதிலே இல்ல" என்றாள். அன்று முழுக்க அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டே சந்தோஷமாக இருந்தேன்.

மூன்றாம் நாளே தீவுக்காரர்கள் கத்தத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் முதலாளிகள் வியன்னாவில் இருக்கிறார்கள் அல்லவா, அங்கிருந்து ஓர் ஆள் பறந்து வந்தார். நல்ல கோட்டு, நல்ல பல். லாசரோவையும் என்னையும் உட்கார வைத்துப் பேசினார். வருமானம், ஒப்பந்தம், உறவு என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில் என்னைப் பார்த்து, "வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த விதியப் பழைய எடத்துலயே வெச்சிடுவீங்களா?" என்று கேட்டார்.

நான் தலையை மேலும் கீழும் ஆட்டினேன். நன்றாக, நிதானமாக, மனதார ஆட்டினேன். நம்மூரில் பால்குடி மறக்காத பிள்ளைகூட 'மாட்டேன்' என்பதற்கு எப்படி ஆட்டுமோ அப்படி.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. 'சம்மதம்' என்று எழுதிக்கொண்டார், என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்தில் லாசரோவ். அவர் பஸார்ஜிக்கில் பிறந்து வளர்ந்தவர், நான் என்ன சொன்னேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். என் தலையைப் பார்த்தார், வியன்னாக்காரர் எழுதியதைப் பார்த்தார், அப்புறம் மேசையைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் எண்ணிவிட்டு விட்டார். அவர் வாழ்க்கையில் அதனால் நல்லது நடந்தது அநேகமாக இதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை வந்து போய்விட்டது. விதி முதல் வரியிலேயே இருக்கிறது. நூலைத் திரும்ப அனுப்பவில்லை. நீங்கள் கேட்டால் அனுப்புவேன்.

வெசெலா


16 ஏப்ரல் 2018

வெசெலா,

உன் கடிதத்தைக் காப்ரோவோ தபால் நிலையத்தின் வாசற்படியில் உட்கார்ந்து படித்தேன். தலையாட்டிய இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஒரு கிழவர் திரும்பிப் பார்த்து, "நல்ல சேதியா?" என்றார். "நாத்தனாரோட சேதி" என்றேன். பாவம் என்று நினைத்திருப்பார்.

இந்த ஊருக்கு வந்து ஈஸ்டரும் போய்விட்டது. பாட்டில் இல்லை. முதல் வாரம் தினமும் காலையில் கதவைத் திறக்காமல் கீழே இடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். இரண்டாம் வாரம் கதவைத் திறந்து பார்த்தேன். இப்போதெல்லாம் பார்க்காமலே போய்விடுகிறேன், படி இறங்கிய பிறகுதான் இன்று பார்க்கவில்லையே என்று நினைவு வருகிறது. போன் நாள் முழுக்கச் சட்டைப் பையில், அணைக்காமல். வீட்டுக்கார அம்மா அதில் கூப்பிட்டு வாடகையைக் கேட்கிறார். யாரோ மெத்தை விற்கக் கூப்பிட்டார்கள், அவர்களோடுகூடக் கொஞ்ச நேரம் ஆசையாகப் பேசினேன்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. நீ பதில்களைத் திறக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அப்போது நான் நம்பவில்லை. இப்போது யோசித்துப் பார்த்தால், நீ திறந்து அவனிடம் கொடுத்திருந்தால் அவனுக்குக் காசாவது மிச்சம் ஆகியிருக்கும். ஸ்டாமென் காசு மிச்சம் பிடிக்காமல் இருந்ததில்லை. ஆக நீ திறக்கவில்லை.

மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். ஈஸ்டர் ஈஸ்டர்தான். ஆனால் உன்னை என்ன செய்தார்கள்? கோட்டுக்காரர் சும்மா விட்டிருக்க மாட்டார். மறைக்காமல் எழுது. உனக்கு வேலை போயிருந்தால் சொல், பல் கட்டக் கற்றுக்கொடுக்கிறேன். அங்கே மேலிருந்து கீழே படிக்க வேண்டியதில்லை, மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒன்றை ஒன்று கடித்தால் போதும்.

பிலியானா


12 மே 2018

அண்ணி,

கேட்டீர்கள், சொல்கிறேன்.

வியன்னாக்காரருக்கு ஒரு வழியாகத் தெரிந்துவிட்டது. திரையில் வந்து கத்தினார். "நீங்க சம்மதிச்சீங்க, நான் எழுதி வெச்சிருக்கேன்."

"தலையாட்டினேன். எங்க ஊர்ல அதுக்கு 'மாட்டேன்'னு அர்த்தம். நீங்க எங்க ஊருக்கு வந்துதானே கேட்டீங்க."

அவர் லாசரோவைப் பார்த்தார். லாசரோவ், "ஆமா, அப்பிடித்தான்" என்றார். அதை மட்டும்தான் சொன்னார், ஆனால் வாய் திறந்து சொன்னார்.

உடனே மாற்று என்று உத்தரவு. சரி என்றேன். ஆனால் எல்லைக் கேட்வேயில் ஓர் எழுத்தை மாற்றுவதானாலும் மாற்றச் சொன்னவர் பெயரும் காரணமும் பதிவாக வேண்டும். அது அவர்களே வியன்னாவிலிருந்து கொண்டுவந்த ஒழுங்கு. "ஒண்ணும் பெரிசில்ல. 'நம்ம வாடிக்கையாளர் எங்க தூங்குறாங்கன்னு வெளியாளுக்குத் தெரியணும்'னு காரணம் போட்டு, கீழ உங்க பேர் போடுங்க. அடுத்த நிமிஷம் நானே மாத்திடறேன்" என்றேன். அவர் லாசரோவைப் போடச் சொன்னார். லாசரோவ் சட்டப் பிரிவைக் கேட்க வேண்டும் என்றார். சட்டப் பிரிவு விற்பனைப் பிரிவைக் கை காட்டியது. விற்பனைப் பிரிவில் திடீரென்று எல்லோருக்கும் விடுமுறை. இத்தனை பேர் கூடி எண்ணிவிட்டு விட்டார்களே, அதில் ஒரே ஒருவர் தன் பெயரைப் போட்டு 'விடு' என்று சொல்லத் தயாரில்லை.

என்னைத்தான் விட்டார்கள். கேட்வேயைத் தொடும் அனுமதியைப் பறித்து, கடைவீதியில் இருக்கும் எங்கள் கடையில் பில் புகார் வாங்கும் மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். காலையிலிருந்து மாலை வரை 'நான் இந்தக் காலே பண்ணல' என்று சொல்பவர்களோடு மல்லுக்கட்டுகிறேன். போகட்டும். விதி இருக்கிறது. எடுக்க வேண்டுமானால் யாராவது பெயர் போட வேண்டும். என் இடத்தில் இருப்பவள் தினமும் சாப்பாட்டு நேரத்தில் செய்தி அனுப்புகிறாள்: 'முதல் வரி, அதே இடம்.'

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அம்மா வீட்டுக்கு வந்தான். நானும் இருந்தேன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"காச வாங்கிட்டு ஊரக் காட்ட மாட்டேங்கறானுங்க. உங்க கம்பெனி பதிலே தரலையாம். நீதான் அடைச்சியா?"

நான் தலையை இடமும் வலமுமாக ஆட்டினேன். அவன் வியன்னாக்காரன் இல்லை. அவனுக்கு அது 'ஆமாம்' என்று புரிந்தது.

"கூடப் பொறந்தவனுக்கேவாடி?" என்று அம்மா ஆரம்பித்தாள்.

"இவனுக்கு மட்டும் இல்லம்மா. எவன் கேட்டாலும்."

அவன் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் தரையில் அடித்தான். வெள்ளைச் செர்ரி. சுவர் வரைக்கும் தெறித்தது. நான் நகரவில்லை. சாலட் யாருக்கு வேண்டும் என்று கேட்கவும் இல்லை. "வெளியே போ, ஸ்டாமென்" என்றேன். அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா கண்ணாடித் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போய்விட்டான்.

அப்புறம் அவள் குனிந்து, அந்த நீலத் துணியைப் பொறுக்கி எடுத்து, முடிச்சை அவிழ்த்தாள். "எல்லாத்தையும் இவன் அங்கதான் கொண்டுபோனானா? கடைல வேலை செய்றவங்களுக்குக் குடுக்கறேன்னான்" என்றாள். இப்போது செர்ரி பழுக்கும் காலம். மரம் நிறையத் தொங்குகிறது. நேற்றுக் கேட்டேன், எப்போது பாகு காய்ச்சப் போகிறாய் என்று. "இந்த வருஷம் காய்ச்சல. குருவி தின்னட்டும்" என்றாள்.

நீங்கள் அழுதுவிடக் கூடாது. நான் அழுதுவிட்டேன், ஒருவர் போதும்.

வெசெலா


24 மே 2018

அன்புள்ள வெசெலா,

இன்று எழுத்துகளின் திருநாள். பள்ளிப் பிள்ளைகள் மாலைகளும் பாட்டுமாகத் தெருவில் ஊர்வலம் போகிறார்கள். தபால் நிலையம் பூட்டியிருக்கிறது, ஆகவே இதை நாளைக்குத்தான் போட முடியும். ஆனால் இன்றே எழுத வேண்டும் என்றிருந்தது.

நேற்று நீதிமன்றத்திலிருந்து என் போனில் கூப்பிட்டார்கள். ஜூன் மாதம் விசாரணை. அவன் என்னைத் துரத்தியதற்குச் சாட்சி உண்டா என்று கேட்டார்கள். பாட்டில்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். வெசெலா, நீ கண்டுபிடித்த அந்தக் கேள்விகளை, எந்தப் பெயரில் வந்தன, எத்தனை தடவை வந்தன என்பதை, நீதிபதியின் முன் எழுந்து நின்று சொல்வாயா? உன் அண்ணன் எதிரே உட்கார்ந்திருப்பான். பில் மேசையும் போய்விடலாம். மாட்டேன் என்றாலும் உன்மேல் எனக்குக் கோபம் வராது, நான் சொல்வது நிஜம். ஆனால் தலையாட்டாதே. நீதிபதியும் நம்மூர்க்காரர்தான், இருந்தாலும் வாயால் சொல்.

வருவதானால் முதல் நாளே வந்துவிடு. இங்கே தங்கிவிட்டுச் சேர்ந்து போகலாம். அந்த நூலையும் எடுத்து வா. மரமெல்லாம் பூத்து உதிர்ந்து காயே பிடித்துவிட்டது, காலம் தப்பித்தான் கட்டப் போகிறோம், மரம் ஒன்றும் சொல்லாது. வேறு எதுவும் கொண்டுவராதே. முக்கியமாக ஜாம்.

நான் எங்கே இருக்கிறேன் என்று என்னிடம் கேட்காமலே தெரிந்துகொண்டவர்கள்தான் இதுவரை. உனக்கு மட்டும் கண்ணெதிரே விடை இருந்தும் நீ திறக்கவில்லை. அதனால் யாரும் கேட்காமல், நானாக, என் கையெழுத்தில் சொல்கிறேன். எழுதிக்கொள்.

பிலியானா,
லிபா தெரு, 14,
இரண்டாம் மாடி, இடது பக்கக் கதவு,
ட்ரியாவ்னா.